மணி தவறாத அளவு
கிணற்று நீரையும் மழையையும் கருவிகொண்டு காலமுறைப்படி பதிவு செய்தல்

மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை விசாரிக்காத விவசாயி நம் பக்கத்தில் இல்லை. 1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இன்று நீர்மட்டம் எத்தனை அடி, அணைக்கு வரும் நீர் வினாடிக்கு எத்தனை கன அடி, வெளியேறும் நீர் எவ்வளவு என்னும் விவரங்களைப் பத்திரிகைகள் நாள்தோறும் வெளியிடுகின்றன. ஜூன் 12-ஆம் தேதி டெல்டாப் பாசனத்திற்கு மதகுகளைத் திறக்கலாமா, சில நாள் பொறுக்கலாமா என்பதும் இந்தக் கணக்கைப் பார்த்தே முடிவாகிறது. அந்த எண்ணுக்கு இத்தனை மதிப்பு ஏற்பட்ட காரணம் யாது? ஒரே இடத்தில், ஒரே அளவுகோலில், குறித்த வேளையில், ஒரு நாளும் விடாமல் அது எடுக்கப்படுகிறது. ஆகையால் இன்றைய அளவை நேற்றைய அளவோடும் சென்ற ஆண்டின் அளவோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

அணையின் கணக்கு நமக்குத் தெரியும். ஆனால் நம் ஊர்க் கிணற்றின் கணக்கு தெரியுமா? சென்ற சித்திரையில் நீர் எத்தனை அடியில் நின்றது, ஐப்பசி மழைக்குப் பின் எவ்வளவு ஏறியது என்று கேட்டால், "போன வருஷத்தைவிடக் குறைச்சல்தான்" என்னும் பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அது அனுபவத்தின் வார்த்தை, பொய்யன்று. ஆயினும் அதைக்கொண்டு திட்டம் வகுக்க இயலாது; சர்க்காரிடம் எடுத்துக்காட்டி உதவி கேட்கவும் இயலாது.

சேலம், நாமக்கல் சமவெளிகளின் அடியில் இருப்பது பெரும்பாலும் கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையடுக்கிலும், கீழே பாறை வெடிப்புகளிலுமே நீர் தங்குகிறது. வண்டல் பூமியைப் போல் எங்கும் பரவி நிற்கும் ஊற்று இங்கில்லை. ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவதில் நம் பக்கத்தார் பெயர் பெற்றவர்கள். திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று பூமியைத் துளைக்கின்றன. அவ்வளவு திறமை இருந்தும், கடன் வாங்கிப் போட்ட போர் வறண்டு, இன்னும் ஆழமாக மற்றொன்று போட்டு, அதுவும் வறண்டு நிற்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்துபோயிற்று. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையை நாம் மறக்கவில்லை. மண்ணைத் துளைக்கக் கற்றுக்கொண்ட நாம் நீரை அளக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு இக்காலத்தில் கிடைக்கும் ஓர் எளிய வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேளையின் அவசியம்

இந்திய வானிலைத் துறை 1875-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதன் விதிப்படி மழையளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. முந்தைய நாள் காலை 8.30 மணி முதல் அன்று காலை 8.30 மணி வரை பெய்ததே ஒரு நாளைய மழை. நாடு முழுவதும் ஒரே வேளையில் அளப்பதனால்தான் சேலத்து மழையையும் சென்னை மழையையும் ஒரே பட்டியலில் வைத்துப் பார்க்க முடிகிறது. ஓர் ஊரில் 7 மணிக்கும், மறுநாள் 10 மணிக்கும் அளந்தால், இடையில் பெய்த மழை ஒரு நாளில் கூடியும் மறுநாளில் குறைந்தும் போகும்.

கிணற்று நீருக்கு இது இன்னும் பொருந்தும். மும்முனை மின்சாரம் வந்தவுடன் சுற்றுப்புறத்து மோட்டார்கள் யாவும் ஓடத் தொடங்குகின்றன. நீர்மட்டம் மளமளவென்று இறங்குகிறது. மோட்டார்கள் நின்ற பின் ஊற்று சுரந்து மட்டம் மெல்ல ஏறுகிறது. ஒருவர் மோட்டார் ஓடும்போது அளந்து 70 அடி என்கிறார். மற்றொருவர் மறுநாள் விடியற்காலையில் அளந்து 55 அடி என்கிறார். இருவரும் சரியாகவே அளந்தார்கள். ஆனால் "ஒரே நாளில் 15 அடி நீர் ஏறிவிட்டது" என்று முடிவு கட்டினால் அது பெரும் பிழை. வேளை குறிக்காத அளவு இவ்வாறு நம்மை ஏமாற்றிவிடும்.

நிலத்தடி நீரை ஆராயும் துறைகள் குறிப்பிட்ட கண்காணிப்புக் கிணறுகளில் காலமுறைப்படி அளவெடுத்து வருகின்றன. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தினர் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கின்றனர். அந்தக் கணக்குகளைக்கொண்டே ஒவ்வொரு குறுவட்டமும் தரம் பிரிக்கப்படுகிறது. ஓராண்டில் எடுக்கத்தக்க நீரில் 70 சதவிகிதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது. 90-ஐத் தாண்டினால் நெருக்கடியானது. 100-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டது. நம் இரு மாவட்டங்களிலும் இந்தக் கடைசி வகையில் அடங்கும் குறுவட்டங்கள் பல. இது பெரிய படம். ஒவ்வொரு ஊரின் சிறு படத்தை அந்தந்த ஊரே வரைந்துகொள்ள வேண்டும்.

ஆள் செய்வதும் கருவி செய்வதும்

தினந்தோறும் ஒருவர் கிணற்றுக்குச் சென்று, டேப்பை இறக்கி, அளவை நோட்டுப் புத்தகத்தில் எழுதலாம். இது நல்ல முறையே. ஆனால் திருவிழா வரும், காய்ச்சல் வரும், அறுவடை வரும். பதிவில் ஓட்டை விழும். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் அளக்க ஆள் கிடைப்பதும் அரிது. இங்கேதான் கருவி உதவிக்கு வருகிறது.

இக்கருவியில் நான்கு உறுப்புகள் உண்டு. முதலாவது, சென்சார் என்னும் உணர்கருவி. கிணற்றில் இது நீருக்குள் தொங்கி, தன்மீதுள்ள நீரின் அழுத்தத்தை உணரும். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தும். ஆகவே அழுத்தத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். இரண்டாவது, கடிகாரம். பொத்தான் போன்ற சிறு பாட்டரியில் ஓடுவதால் மின்சாரம் நின்றாலும் இது நிற்பதில்லை. மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் சிறு கணினி. நான்காவது, அளவுகளைச் சேமித்து வைக்கும் அட்டையும் செல்போன் கோபுரம் வழியாக அனுப்பும் பாகமும்.

இவை அனைத்தையும் நடத்துவது புரோகிராம் என்று சொல்லப்படும் ஆணைத்தொடர். "இன்ன மணிக்கு விழித்தெழு; சென்சாரைப் படி; மணியையும் அளவையும் எழுது; அனுப்பு; மீண்டும் உறங்கு" என்று கணினிக்குப் புரியும் மொழியில் எழுதிவைப்பதே அது. பைத்தான், ஜாவா போன்ற கணினிமொழிகளில் இதற்கு வசதிகள் உண்டு. குறித்த நேரத்தில் தானே நடக்கும் இத்தகைய வேலையைக் காலமுறைப் பணி என்று நாம் அழைக்கலாம். கருவியின் விலையையும் பளபளப்பையும்விட இந்தக் காலமுறைப் பணி எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதே முக்கியமானது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஆணைத்தொடர் எழுதக் கற்க வேண்டியதில்லை. ஆனால் அது எங்கே தவறும் என்று அறிந்திருந்தால், கருவி அமைக்க வருபவரிடம் தக்க கேள்விகளைக் கேட்க முடியும்.

கூட்டுக் கிணற்று முறை

பங்காளிகள் சேர்ந்து நீர் இறைக்கும் கூட்டுக் கிணறுகள் நமக்குப் புதியன அல்ல. அங்கே முறை வைக்க இரண்டு வழிகள் உண்டு. "காலை 6 மணிக்கு மூத்தவர் முறை, பகல் 12 மணிக்கு இளையவர் முறை" என்று கடிகாரத்தைப் பார்த்து வைப்பது ஒரு வழி. "மூத்தவர் பாய்ச்சி முடித்து, மடையைக் கட்டி, அரை மணி கழிந்த பின் இளையவர் முறை" என்று வைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் மூத்தவர் சற்றே தாமதித்தாலும் இளையவரின் முறை தள்ளிப்போகும்; அந்தத் தாமதம் அடுத்தவர் தலையிலும் ஏறும்; சில நாளில் காலை முறைக்காரர் இரவில் நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பார்.

காலமுறைப் பணியிலும் இதே இரண்டு வழிகள் இருக்கின்றன. ஜாவா மொழியில் 2004-ஆம் ஆண்டு முதல் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கடிகார முறைக்கு 'ஸ்கெட்யூல் அட் ஃபிக்ஸ்ட் ரேட்' என்றும், முடிந்தபின் காத்திருக்கும் முறைக்கு 'ஸ்கெட்யூல் வித் ஃபிக்ஸ்ட் டிலே' என்றும் பெயர். நீர்மட்டத்தையும் மழையையும் பதிவு செய்ய வேண்டுவது கடிகார முறையே.

இதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். அளவை எடுத்து அனுப்ப ஒரு நிமிஷம் ஆகிறது என்றும், அதன்பின் கருவி ஒரு மணி நேரம் உறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே 60 நிமிஷம் அன்று, 61 நிமிஷம். இன்று காலை 8.30-க்குத் தொடங்கினால், 24 அளவுகளுக்குப் பின் மறுநாள் மணி 8.54 ஆகியிருக்கும். நம் பெரியோர் கணக்கில் 24 நிமிஷம் ஒரு நாழிகை. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு நாழிகை வீதம் வேளை நழுவி, ஒரு மாதத்தில் காலை அளவு இரவு அளவாகிவிடும். கருவி ஓடிக்கொண்டேயிருக்கும்; எண்களும் வந்துகொண்டேயிருக்கும்; ஆனால் அவை ஒன்றோடொன்று ஒப்பிடத் தகாதவை.

மேலும் மூன்று பிழைகள்

முதற்பிழை, ஒரு தடவை இடறினால் ஒரேயடியாக நின்றுவிடுதல். சென்சாரின் கம்பி ஒரு கணம் அசைந்து அளவு வராமற்போகலாம். செல்போன் சமிக்ஞை கிடைக்காமல் அனுப்புதல் தவறலாம். இவ்வாறு நேர்ந்தால் என்ன செய்வது என்று ஆணைத்தொடரில் எழுதாவிட்டால், முன்சொன்ன ஜாவா ஏற்பாட்டில் அந்தப் பணி அதன்பின் நடக்கவே நடக்காது. எச்சரிக்கையும் வெளியே தெரியாமற்போகலாம். ஒரு பங்காளி ஒரு நாள் வரவில்லை என்பதற்காக அன்றோடு கிணற்றையே மூடிவிட்டதற்கு இது ஒப்பாகும். பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். உள்ளே பதிவு நின்று மாதங்கள் ஆகியிருக்கும். ஆகவே, ஓர் அளவு தவறினால் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வேளைக்குத் தயாராகும்படி ஆணைத்தொடர் இருத்தல் வேண்டும். ஒரு நாள் முழுதும் அளவு வரவில்லையானால் உரியவரின் செல்போனுக்குத் தகவல் போகும்படியும் செய்யலாம்.

இரண்டாம் பிழை, விட்டுப்போன இடத்தில் பூஜ்யம் எழுதுதல். மழை பெய்யவில்லை என்பதும், பெய்ததா இல்லையா என்று தெரியவில்லை என்பதும் வெவ்வேறு. முன்னதற்கு 0 என்று எழுதலாம். பின்னதற்குக் கட்டத்தை வெறுமையாக விடுவதே நேர்மை. பழுதான நாட்களில் பூஜ்யம் விழுந்தால் மாத மழை குறைந்து காட்டும். வறட்சி நிவாரணம் கேட்கும்போது அந்தப் பதிவைக் கண்டு யாரும் நம்பமாட்டார்கள். மின்சாரம் திரும்பியவுடன் கருவி பத்துத் தடவை விரைந்து அளந்து, கழிந்துபோன மணிகளின் பெயரில் எழுதிவைப்பதும் இதே வகைப் பிழை. நேற்றிரவு நின்ற நீரை இன்று காலையில் அளக்க முடியாது.

மூன்றாம் பிழை, கடிகாரக் குழப்பம். கணினிகள் பல கிரீன்விச் அடிப்படையிலான உலக நேரத்தில் ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட 5.30 மணி முந்தியது. நம் காலை 8.30 மணி உலக நேரப்படி விடியற்காலை 3 மணி. உலக நேரத்தில் ஓடும் கருவிக்கு நாள் மாறுவது நம் விடியற்காலை 5.30 மணிக்கு. இதைக் கவனியாவிட்டால் விடியலுக்கு முன் பெய்த மழை முந்தைய தேதியில் சேர்ந்துவிடும். சாதாரணக் கடிகாரமும் மாதத்தில் ஒரு நிமிஷம் அளவுக்குப் பிசகக்கூடியதாகையால், அவ்வப்போது கோபுரத்தின் நேரத்தோடு அதைச் சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அவசியம்.

அளவை முதலில் அட்டையில் எழுதிவிட்டுப் பின்னரே அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அனுப்புவது தவறினாலும் பதிவு கையில் இருக்கும். சமிக்ஞை வந்தபின் அனுப்பிக்கொள்ளலாம்.

எதை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை?

கண்காணிப்புக் கிணற்றுக்கு ஆறு மணிக்கு ஒரு தடவை போதும். அவற்றுள் ஒன்று, மோட்டார்கள் ஓய்ந்திருக்கும் விடியற்காலை வேளையாக அமைதல் நலம். கிணறு எவ்வளவு விரைவாகத் திரும்பச் சுரக்கிறது என்று அறிய விரும்பினால், சில நாட்களுக்கு மட்டும் 15 நிமிஷத்திற்கு ஒருமுறை எடுக்கலாம்.

மழையின் செய்தி வேறு. ஒரு மணிக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தால், இடையில் கொட்டி ஓய்ந்த மழை தெரியாது. ஆகவே தானியங்கி மழைமானியில் சிறு தராசு போன்ற இரட்டைக் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். ஒரு கிண்ணம் நிறைந்ததும் சாய்ந்து மற்றொன்று மேலே வரும். கருவியின் தரத்தைப் பொறுத்து ஒரு சாய்வு 0.2 அல்லது 0.5 மில்லிமீட்டர் மழை. ஒவ்வொரு சாய்வும் உடனுக்குடன் எண்ணப்படும். காலமுறைப் பணி அந்த எண்ணிக்கையை மணிதோறும் எழுதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,047 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். அது ஒரே மணியில் கொட்டியதா, இரவு முழுதும் தூறியதா என்பது தெரிந்தால்தான் வயலில் ஊறியது எவ்வளவு, திருமணிமுத்தாற்றில் ஓடியது எவ்வளவு என்று ஊகிக்கலாம். காயும் ஜவ்வரிசியைக் களத்தில் பரப்பியிருப்போருக்கும் மழை எந்த மணியில் வரும் வழக்கமுடையது என்பது பயன்படும் செய்தியே.

குடிநீர் மேல்நிலைத் தொட்டிக்கு 15 நிமிஷத்திற்கு ஒருமுறை அளப்பது தக்கது. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகிறது; 2,000 பேர் உள்ள ஊருக்கு 1,10,000 லிட்டர். இரவு 12 மணி முதல் 4 மணி வரை வால்வை மூடியிருக்கும்போதும் தொட்டியின் மட்டம் இறங்கினால், எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் வெப்பத்தை அளப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். காலையும் மாலையும் அளந்து சராசரி பார்த்தால் கொட்டகை தாங்கக்கூடிய வெப்பத்தில் இருப்பதாகவே தோன்றும். பிற்பகல் 2 மணியின் உச்ச வெப்பம் அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும். கோழிகளை வாட்டுவதோ அந்த உச்ச வெப்பமே. 10 நிமிஷத்திற்கு ஒருமுறை அளந்தால் நீர் தெளிக்க வேண்டிய நேரம் தவறாது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

ஊருக்கு ஒன்றோ இரண்டோ கிணறுகளைத் தேர்ந்தெடுத்தல் முதற்காரியம். மோட்டார் பொருத்தாத பொதுக் கிணறு உத்தமம். கிணற்றின் மேல்விளிம்பில் ஓரிடத்தில் வர்ணத்தால் குறியிட்டு, எல்லா அளவுகளும் அந்தக் குறியிலிருந்தே எடுக்கப்பட வேண்டும்.

கருவி வைத்தாலும் நோட்டுப் புத்தகத்தைக் கைவிடலாகாது. மாதம் ஒருமுறை தொட்டி இயக்குபவரோ பள்ளி ஆசிரியரோ டேப்பை இறக்கி அளந்து, அதே வேளையில் கருவி காட்டிய எண்ணையும் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதாமாதம் வளர்ந்தால் சென்சார் பழுதாகிறது என்று அறியலாம். கருவி வாங்க வசதியில்லாத ஊர்கள் மனம் தளர வேண்டாம். வாரம் ஒருமுறை, குறித்த கிழமையில், குறித்த விடியற்காலை மணியில் கையால் எடுக்கும் அளவும் முழு மதிப்புள்ளதே.

கருவி அமைக்க வருபவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். வேளை நழுவாமல் கடிகார முறைப்படி அளக்குமா? ஓர் அளவு தவறினால் அடுத்தது தொடருமா? தவறிய இடம் வெறுமையாக நிற்குமா, பூஜ்யமாகுமா? ஒவ்வோர் அளவிலும் இந்திய நேரமும் தேதியும் இருக்குமா? சேமித்த கணக்கு முழுவதையும் பஞ்சாயத்து தன் கையில் எடுத்துக்கொள்ள முடியுமா? கடைசிக் கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஊர்ப் பணத்தில் எடுத்த கணக்கு ஊருக்கே சொந்தமாக இருக்க வேண்டும்.

இவ்வாறு சேர்ந்த கணக்கைப் பெட்டியில் பூட்டிவைத்தால் பயனில்லை. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராமசபை கூடுவது தமிழகத்தில் வழக்கமாகியுள்ளது. கோடைக்கு முன் வரும் அந்தக் கூட்டத்தில், சென்ற ஆண்டு இதே நாளில் கிணறு எத்தனை அடி, இவ்வாண்டு எத்தனை அடி என்று எல்லோரும் கேட்கும்படி படிக்கலாம். 10 அடி இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால், இந்தக் கோடையில் கரும்பும் வாழையும் தாங்குமா, மரவள்ளியோ சோளமோ போதுமா என்று கலந்து பேசலாம். புதிய போர் போட நினைப்பவர் கடன் வாங்குமுன் ஒருமுறை யோசிக்கலாம். தூர் எடுத்த ஏரியால் மெய்யாகவே ஊற்று ஏறியதா என்றும் சோதிக்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளிவரும் வானிலை ஆலோசனையையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வானிலைத் தகவல்களையும் நம் ஊர்ப் பதிவோடு பொருத்திப் பார்த்தால் பயன் இரட்டிப்பாகும்.

ஓராண்டின் பதிவு ஒரு செய்தியைத்தான் சொல்லும். ஐந்தாண்டுப் பதிவோ நல்ல மழைக்கும் பொய்த்த மழைக்கும் நம் கிணறு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் காட்டிவிடும். அந்த ஐந்தாண்டில் எந்த நாளை இழந்தாலும் அதைத் திரும்பப் பெற இயலாது. ஆகையால் பெரிய ஏற்பாடுகளுக்காகக் காத்திராமல், வரும் வாரத்திலேயே ஒரு கிணற்றைத் தேர்ந்து, குறியிட்டு, முதல் அளவை நாளும் மணியுமாக எழுதித் தொடங்குமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களையும் விவசாயப் பெருமக்களையும் கேட்டுக்கொள்கிறோம்.